கம்பி சூடாகிற கதை: பீர் ஆலையிலிருந்து நம்ம கிணத்து மேடு வரைக்கும்



ஊர்ல கரண்ட் பத்திப் பேச்சு வந்தா ரெண்டு சொல்லு தவறாம காதுல விழும். ஒண்ணு, "பீஸ் போயிருச்சு". இன்னொண்ணு, "காயில் வெந்துருச்சு". முதல் சொல்லுக்கு செலவு கொஞ்சம்தான். ரெண்டாவது சொல்லு வந்துட்டா அந்த வீட்டுல சோறு இறங்காது. மோட்டாரைக் கழட்டி, போர்ல இருக்குற குழாயெல்லாம் மேல ஏத்தி, வண்டி வெச்சு டவுனுக்குக் கொண்டு போயி, காயில் கட்டி, திரும்ப இறக்கி ஓட்டுறதுக்குள்ள நாலஞ்சு நாள் ஓடிரும். சித்திரை வெயில்ல அந்த நாலஞ்சு நாள்ல வெள்ளாமை என்ன ஆகும்னு சொல்லணுமா?

நகரத்துல இருக்குற நண்பர்கள் நிறையப் பேரு கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "உங்களுக்குக் கரண்ட்தான் இலவசமாச்சே, அப்புறம் என்னங்க செலவு?" இதுக்குப் பதில் சொல்லணும்னா 1840-ஆம் வருஷத்து இங்கிலாந்துக்குப் போகணும். மோட்டார் ஏன் வேகுது, பீஸ் ஏன் போகுது, கரண்ட் கம்பியை ஏன் அவ்வளவு பெரிய கோபுரத்துல இழுத்துட்டு வர்றாங்க, இந்த மூணுக்கும் ஒரே பதிலை ஒரு பீர் ஆலைக்காரர் அப்பவே கண்டுபிடிச்சு எழுதி வெச்சுட்டார். அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி

1800-ல் இத்தாலியில் வோல்ட்டா முதல் பேட்டரியைச் செய்தார். துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும் மாத்தி மாத்தி அடுக்கி, நடுவுல உப்புத் தண்ணியில் நனைச்ச அட்டை. அடுத்த சில வருஷத்துலயே லண்டன்ல ஹம்ப்ரி டேவி பெரிய பெரிய பேட்டரிகளை வெச்சு பிளாட்டினக் கம்பியில் கரண்டை விட்டுப் பார்த்தார். கம்பி சிவந்து, வெளுத்து, எரிஞ்சது. ஆக, கரண்ட் போனா கம்பி சூடாகும் என்பது ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்ச விஷயம்தான்.

எவ்வளவு சூடாகும் என்பதுதான் தெரியாது. அந்தக் காலத்துல பெரும்பாலானவங்க சூடு என்பதே ஒரு பொருள்னு நம்பினாங்க. கண்ணுக்குத் தெரியாத, எடையில்லாத ஒரு திரவம். ஒரு பொருள்ல இருந்து இன்னொண்ணுக்கு ஒழுகிப் போகும். புதுசா உண்டாகாது, அழியவும் செய்யாது. கம்பி சூடானா அந்தத் திரவம் பேட்டரியில இருந்து கம்பிக்கு வந்திருக்கும்னு ஒரு விளக்கம் சொல்லிட்டுப் போயிரலாம். 1827-ல் ஜெர்மனியில் ஓம் என்கிற பள்ளி ஆசிரியர், கம்பியில் ஓடுற கரண்டுக்கும் அதைத் தள்ளுற வோல்டேஜுக்கும் உள்ள கணக்கை எழுதி வெளியிட்டார். சூட்டுக்கு மட்டும் கணக்கு இல்லாமலேயே இருந்தது.

பீர் ஆலை முதலாளி மகன்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24 அன்று மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பாவுக்கு பீர் ஆலை. வசதியான குடும்பம். சின்ன வயசுல முதுகெலும்பு பலவீனம். அதனால பள்ளிக்கூடம் போகாம வீட்டுலயே படிப்பு. அணுக்கொள்கையால் பேர் வாங்கின ஜான் டால்டன்தான் இவருக்கும் இவர் அண்ணனுக்கும் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் படிச்சு வாங்கினவர் இல்லை. ஆலை வேலையைப் பார்த்துக்கிட்டே, மீதி நேரத்துல ஆராய்ச்சி.

இவர் சூட்டைத் தேடிப் போகலைங்க. மோட்டாரைத் தேடித்தான் போனார். 1830-களின் கடைசியில் ஐரோப்பா முழுக்க எலக்ட்ரிக் மோட்டார் மேல ஒரே மோகம். 1838-ல் ரஷ்யாவில் யாக்கோபி என்பவர் நேவா ஆத்துல பேட்டரி மோட்டார் வெச்சுப் படகே ஓட்டிக் காட்டிட்டார். நம்ம ஆலையில இருக்குற நீராவி எஞ்சினைத் தூக்கிட்டு மோட்டார் வெச்சா என்னன்னு இந்த இளைஞருக்கு ஆசை. 19 வயசுலயே தன் மோட்டார் பத்தி ஒரு பத்திரிகைக்கு எழுதினார்.

வியாபாரக் குடும்பம் இல்லையா, கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பவுண்டு துத்தநாகம் பேட்டரியில் கரைஞ்சா எவ்வளவு வேலை நடக்குது? ஒரு பவுண்டு நிலக்கரி எரிஞ்சா எவ்வளவு நடக்குது? ஒப்பிட்டது எதோட தெரியுமா? கார்ன்வால் சுரங்கங்கள்ல தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்த நீராவி எஞ்சின்களோட. அந்தக் காலத்துல எஞ்சினுக்கு அளவுகோலே தண்ணி இறைக்கிறதுதான். 1841-ல் அவர் சொன்ன முடிவு: நிலக்கரி எஞ்சின் நாலு மடங்குக்கும் மேல வேலை செய்யுது. துத்தநாகத்தோட விலையோ நிலக்கரி விலைக்குப் பக்கத்துலயே வராது. பேட்டரி மோட்டார் கட்டுபடியாகாதுன்னு அவரே எழுதிட்டார்.

வேற யாராவது இருந்தா அதோட விட்டிருப்பாங்க. ஜூல், போட்ட சக்தி எங்க போகுதுன்னு பார்க்க ஆரம்பிச்சார். அதுல ஒரு பகுதி கம்பியிலேயே சூடாப் போகுது. சரி, அந்தச் சூட்டை அளந்துருவோம்னு உக்காந்தார்.

நாலு மடங்கு

சோதனை ரொம்பச் சாதாரணமானது. ஒரு கண்ணாடிக் குழாய்ல கம்பியைச் சுத்தி, ஒரு சாடித் தண்ணியில் முக்கி, கரண்டை விட்டு, தெர்மாமீட்டர்ல தண்ணி எவ்வளவு சூடேறுதுன்னு பார்க்கிறது. கரண்டை அளக்க கால்வனோமீட்டரையும் அவரே செஞ்சுக்கிட்டார். கஷ்டம் எல்லாம் துல்லியத்துலதான். ஆனா பீர் வடிக்கிற தொழில்ல பிறந்து வளர்ந்தவருக்கு வெப்பநிலையைக் கவனிக்கச் சொல்லித் தரணுமா? கொஞ்சம் சூடு கூடினாலும் குறைஞ்சாலும் அங்க சரக்கு கெட்டுப்போகும்.

முதல்ல ஒரே கரண்டை தடிச்ச கம்பியிலயும் மெல்லிசுக் கம்பியிலயும் விட்டார். எதுக்குத் தடை அதிகமோ அதுல அதே விகிதத்துல சூடும் அதிகம். இது எதிர்பார்த்ததுதான். அடுத்து ஒரே கம்பியில கரண்டைக் கூட்டிப் பார்த்தார். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு ரெண்டு மடங்கு ஆகலை. நாலு மடங்கு ஆச்சு. மூணு மடங்கானா ஒன்பது. அதாவது கரண்டோட வர்க்கம்.

ஏன்னு கேட்டா, இப்படி யோசிச்சுப் பாருங்க. ஒரு கம்பியில ரெண்டு மடங்கு கரண்ட் போகணும்னா, ஓம் சொன்னபடி, ரெண்டு மடங்கு வேகமாத் தள்ளணும். ரெண்டு மடங்கு சரக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மடங்கு தள்ளு. ரெண்டு ரெண்டு நாலு. அந்தத் தள்ளு அத்தனையும் கம்பிக்குள்ள இருக்குற அணுக்கள் மேல மோதி மோதிச் சூடாகிருது. அணு, எலக்ட்ரான் எல்லாம் பின்னாடி வந்த விளக்கம். ஜூல் வெறும் தெர்மாமீட்டரை வெச்சே கணக்கைப் பிடிச்சுட்டார். இந்தக் கணக்கை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மீதிக் கட்டுரை முழுக்க இதுதான்.

1840 டிசம்பர்ல லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அவங்க முழுக் கட்டுரையைப் போடலை; சுருக்கத்தை மட்டும் அச்சடிச்சாங்க. அடுத்த வருஷம் வேறொரு பத்திரிகையில முழுசா வந்தது. கிட்டத்தட்ட அதே சமயத்துல ரஷ்யாவில் லென்ஸ் என்கிற விஞ்ஞானியும் தனியா இதே முடிவுக்கு வந்திருந்தார். அதனால ரஷ்யாவில் இதை ஜூல்-லென்ஸ் விதின்னு சொல்றாங்க.

ஜூல் அங்கேயும் நிக்கலை. பேட்டரியே இல்லாம, கையால சுத்துற டைனமோவில் இருந்து கரண்ட் எடுத்தாலும் கம்பி சூடாகுது. அப்போ சூடு பேட்டரியில இருந்து ஒழுகி வரலை. சுத்தின உழைப்புதான் சூடா மாறுது. 1843-ல் அயர்லாந்தில் கார்க் நகரத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னார்; பெருசா யாரும் கண்டுக்கலை. அப்புறம் தண்ணிக்குள்ள துடுப்பைச் சுத்தவிட்டு அளந்தார். 1850-ல் அவர் கொடுத்த கணக்கு: ஒரு பவுண்டு தண்ணியை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்கணும்னா 772 பவுண்டு எடையை ஒரு அடி தூக்குற உழைப்பு வேணும். 1889-ல் இறந்தார். மான்செஸ்டர் பக்கத்துல அவர் கல்லறைக் கல்லுல 772.55 என்கிற எண்ணைச் செதுக்கி வெச்சிருக்காங்க. சக்தியின் அலகுக்கு அவர் பேரே நிலைச்சது.

செம்புக் கணக்கு

ஜூலோட கணக்கு ஏட்டுல இருந்து தெருவுக்கு வந்தது எடிசன் காலத்துல. 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் பேர்ல் தெருவுல அவர் மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. 110 வோல்ட், நேர் மின்சாரம். விளக்குக்குள்ள இருந்த கரி இழைக்கு இந்தச் சூடுதான் வாழ்வு. அந்த இழை வெள்ளையாக் காயணும். ஆனா விளக்கு வரைக்கும் வர்ற கம்பி சூடாகக்கூடாது. அங்க காயுற சூடு அத்தனையும் நஷ்டம்.

வோல்டேஜ் கம்மியா இருந்தா அதே சக்தியைக் கொண்டு போக கரண்ட் அதிகம் வேணும். கரண்ட் அதிகமானா சூடு வர்க்கமாக் கூடும். அதைத் தடுக்கணும்னா கம்பியைத் தடியாக்கணும், செம்பை வாங்கிக் கொட்டணும். அதனாலதான் எடிசனோட கரண்ட் மின்நிலையத்துல இருந்து ஒரு மைல் தாண்டறதுக்கே திணறிச்சு.

வழி என்னன்னா, வோல்டேஜை ஏத்தி கரண்டைக் குறைக்கிறது. வோல்டேஜை பத்து மடங்காக்கினா கரண்ட் பத்துல ஒரு பங்கு, சூடு நூத்துல ஒரு பங்கு. இப்ப அந்த வர்க்கம் நமக்குச் சாதகமா வேலை செய்யுது பாருங்க. இதுக்கு ஏத்தி இறக்குற டிரான்ஸ்பார்மர் வேணும். அது மாறு மின்சாரத்துலதான் நடக்கும். 1880-களில் அதுவும் வந்துருச்சு. 1891-ல் ஜெர்மனியில் லாஃபன் ஊர்ல இருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் 175 கிலோமீட்டர் தூரம் த்ரீ பேஸ் கரண்டைக் கொண்டு போய்க் காட்டினாங்க. போட்டதுல முக்கால் பங்கு போய்ச் சேர்ந்தது. ஆத்தோரத்துல உண்டாகுற கரண்டை நூறு மைல் தள்ளி இருக்குற ஊருக்குக் கொண்டு போகலாம்னு உலகத்துக்கே அன்னைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

மலையில இருந்து இறங்கின கம்பி

பதினோரு வருஷத்துல அந்த வித்தை நம்ம காவிரிக்கு வந்துருச்சு. 1902-ல் மைசூர் சமஸ்தானத்தில் சிவசமுத்திரம் அருவியில் இருந்து கோலார் தங்க வயலுக்குக் கம்பி இழுத்தாங்க. சுமார் 147 கிலோமீட்டர். 30,000 வோல்ட்டுக்கு மேல. அந்தக் காலத்துல உலகத்துலயே நீளமான மின்பாதைகள்ல ஒண்ணு. அந்தச் சுரங்கத்துல இறங்கி வேலை செஞ்சவங்கள்ல பாதிக்கு மேல நம்ம வட ஆற்காடு, சேலம் பக்கத்துல இருந்து பஞ்சம் பொழைக்கப் போன தமிழ்ச்சனங்கள்தான்னு அங்க போனவங்க சொல்வாங்க. இன்னைக்கும் கோலார்ல தமிழ் கேக்கும்.

அப்புறம் நம்ம நீலகிரி. பைக்காரா ஆத்துத் தண்ணியைக் குழாய்ல மலைச்சரிவுல இறக்கி, சிங்காரா மின்நிலையத்தில் 1932-ல் கரண்ட் எடுத்தாங்க. தண்ணி விழுற உயரம் சுமார் 3,000 அடி. ஜூலோட 772-ஐ வெச்சு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தண்ணி சும்மா விழுந்து பாறையில மோதியிருந்தா அதோட சக்தி முழுக்கச் சூடா மாறி, தண்ணி நாலு டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ரெண்டு டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கும். அவ்வளவுதான். யாருக்கும் உதவாத அந்த ரெண்டு டிகிரியைத்தான் நடுவுல டர்பைனை வெச்சுப் பிடிச்சு கோயமுத்தூருக்கு அனுப்பினாங்க.

அனுப்பினது 66,000 வோல்ட்ல. இப்ப நம்ம மோட்டாருக்கு வர்ற 415 வோல்ட்டோட ஒப்பிட்டா 159 மடங்கு. அதே சக்தியை அதே கம்பியில 415 வோல்ட்ல அனுப்பியிருந்தா கம்பி சூடு 25,000 மடங்குக்கும் மேல. கோயமுத்தூருக்கு கரண்ட் வந்திருக்காது. நீலகிரிக் காத்துதான் சூடாகியிருக்கும். அந்த உயரக் கோபுரம், தட்டுத் தட்டாத் தொங்குற பீங்கான் எல்லாமே ஜூலோட வர்க்கத்துக்குக் கட்டின செலவு.

பைக்காரா வந்த பிறகு கோயமுத்தூர்ல பஞ்சாலைகள் வரிசையா முளைச்சது எல்லாருக்கும் தெரியும். 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம்னு கரண்ட் பெருகிச்சு. அதே 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோயமுத்தூர்லயே மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுல தயாரான முதல் எலக்ட்ரிக் மோட்டார்னு அதைச் சொல்வாங்க.

அதுக்கு முன்னாடி இங்க கவலைதான். ரெண்டு எருது, பறி, வடம், கிணத்தடியில சரிவா வெட்டின வாரி. கோழி கூப்பிட எழுந்து பூட்டினா வெயில் ஏற்ற வரைக்கும் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டணும். ஒரு நாள் முழுக்க ஓட்டினா பாயுற நிலத்தை மோட்டார் கொஞ்ச நேரத்துல பாய்ச்சிருச்சு. கிராமங்களுக்குக் கம்பி இழுத்து கிணத்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்கிறதுல இந்தியாவிலேயே சென்னை மாகாணம்தான் ரொம்ப காலம் முன்னால நின்னது. ஜூலுக்குக் கட்டுபடியாகாத மோட்டார், நூறு வருஷம் கழிச்சு நம்ம கிணத்து மேட்டுல கட்டுபடியாச்சு.

காயில் ஏன் வேகுது

எருதுக்கு முடியலைன்னா படுத்துக்கும். மோட்டாருக்கு அது தெரியாது. வோல்டேஜ் குறைஞ்சாலும் அதே தண்ணியைத் தூக்கப் பார்க்கும். அதுக்காகக் கரண்டை அதிகமா இழுக்கும். 415 வோல்ட் வரவேண்டிய இடத்துல 330 வருதுன்னு வெச்சுக்கோங்க. கால் பங்கு கரண்ட் கூட இழுக்கும். கால் பங்குதானேன்னு தோணும். சூடு ஒண்ணரை மடங்குக்கு மேல போயிரும். இதுதான் வர்க்கத்தோட விஷமம்.

நிறுத்தின மோட்டார் சுத்த ஆரம்பிக்கிற நேரத்துல வழக்கமானதைப் போல சுமார் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஆறாறு முப்பத்தாறு மடங்கு சூடு. வழக்கமா ஓரிரு நொடியில வேகம் பிடிச்சு கரண்ட் இறங்கிரும், ஒண்ணும் ஆகாது. மணல் அடைச்சோ பேரிங் பிடிச்சோ சுத்தாம நின்னுட்டா அந்த முப்பத்தாறு மடங்கும் நிக்காம ஏறும். "உம்"முன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, கிராமத்துல குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும். ஓடிப்போய் ஆஃப் பண்ணணும்.

மூணு பேஸ்ல ஒண்ணு போயிட்டாலும் இதே கதை. மூணு எருது இழுக்குற பாரத்தை ரெண்டு இழுக்குற மாதிரி, மிச்சம் இருக்குற ரெண்டு கம்பியில ஒண்ணே முக்கால் மடங்கு கரண்ட் போகும். சூடு மூணு மடங்கு. காயில்ல இருக்குற செம்புக் கம்பி உருகுறதுக்கு முன்னாடியே அது மேல இருக்குற வார்னிஷ் பூச்சு கருகிரும். பூச்சு போச்சுன்னா கம்பியும் கம்பியும் தொட்டுக்கும். பத்து டிகிரி சூடு கூடுனா பூச்சோட ஆயுள் பாதியாயிரும்னு காயில் கட்டுற தொழில்ல ஒரு பொதுக்கணக்கு உண்டு. அதனால ஒரு நாள் லோ வோல்டேஜ்ல ஓடின மோட்டார் அன்னைக்கே வேகலைன்னாலும் ஆயுசு குறைஞ்சுதான் இருக்கும்.

வோல்டேஜ் ஏன் குறையுது? அதுவும் கம்பிச் சூடுதான். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு நல்லா வரும். அங்கிருந்து கம்பி நீள நீள, வழியில இருக்குற மோட்டார் எல்லாம் ஓட ஓட, தள்ளுற தள்ளுல ஒரு பகுதி கம்பியையே சூடாக்கிட்டுத் தீர்ந்துரும். கடைக்கோடித் தோட்டத்துக்காரனுக்கு மிச்சம்தான். த்ரீ பேஸ் முறை வெச்சு வர்ற காலத்துல, கரண்ட் வந்த அந்த நிமிஷம் ஊர்ல எல்லா மோட்டாரும் ஒண்ணாக் கிளம்பும். எல்லாமே ஆறு மடங்கு இழுக்கும். கடைசித் தோட்டத்துல மோட்டார் சுத்தவே சுத்தாது. வோல்டேஜ் குறைஞ்சதால கரண்ட் கூடுது, கரண்ட் கூடினதால கம்பியில இன்னும் நஷ்டம், அதனால இன்னும் வோல்டேஜ் குறையுது. சக்கரம் மாதிரி.

"இலவசக் கரண்ட்தானே" கேள்விக்கு என் பதில் இதுதாங்க. யூனிட்டுக்குக் காசு வாங்கலை, வாஸ்தவம். ஆனா கடைக்கோடித் தோட்டத்துக்காரன் காயில் கட்டுற கடையில கொடுக்குற காசு, கழட்டி மாட்டுற கூலி, காய்ஞ்சு போன வெள்ளாமை, இதெல்லாம் எந்த மீட்டர்லயும் ஓடாது. ஒரே ஊர்ல, ஒரே இலவசக் கரண்ட்ல, டிரான்ஸ்பார்மருக்கு அடியில தோட்டம் இருக்குறவன் பத்து வருஷம் ஒரே காயில்ல ஓட்டுவான். கோடியில இருக்குறவன் வருஷா வருஷம் கட்டுவான்.

இதுக்கு மருந்தும் பைக்காரா காலத்து மருந்துதான். 11,000 வோல்ட் கம்பியையே தோட்டத்துப் பக்கம் வரைக்கும் கொண்டு வந்து, நாலஞ்சு மோட்டாருக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வெக்கிறது. 415-க்குப் பதிலா 11,000-ல் வந்தா அதே கம்பியில சூடு எழுநூத்துல ஒரு பங்கு. இப்படி மாத்தின இடங்கள்ல கடைக்கோடிக்கும் வோல்டேஜ் நிக்குது. கரண்டை வீணாக்குறது விவசாயின்னு பேசுறவங்க, வழிக்கம்பி எவ்வளவு வீணாக்குதுன்னும் பார்த்தா நல்லது.

காவலுக்கு வெச்ச கம்பி

சூட்டை எதிரியாவே பேசிட்டேன். அதைக் காவலுக்கும் வெச்சிருக்கோம். கரண்ட் அதிகமானா முதல்ல சாகுறதுக்குன்னே ஒரு மெல்லிசுக் கம்பி, அதுதான் பீஸ். எடிசன் 1880-லேயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். வீட்டுக் கம்பி சூடாகி நெருப்புப் பிடிக்கிறதுக்கு முன்னாடி பீஸ் உருகி அறுந்துரும். வர்க்கக் கணக்கு இங்க நமக்குத் துணை: கரண்ட் கொஞ்சம் கூடுனா கொஞ்ச நேரம் பொறுக்கும், அஞ்சு மடங்கு கூடுனா இருபத்தஞ்சு மடங்கு சூடு, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள அறுந்துரும்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள இருக்குற ஓவர்லோட் ரிலேயும் அதே சூட்டை நம்பித்தான் இருக்கு. ரெண்டு வேற வேற உலோகத்தை ஒண்ணா ஒட்டின பட்டை. கரண்ட் அதிகமாப் போனா சூடாகும். ஒரு உலோகம் அதிகமா நீளும், இன்னொண்ணு கம்மியா நீளும். பட்டை வளைஞ்சு சுவிட்சைத் தட்டி விட்ரும். அது விழுந்தா உடனே திரும்பப் போட முடியாது, ஆறுற வரைக்கும் பொறுக்கணும். அது தொந்தரவு பண்ணுற ரிலே இல்லைங்க. "உன் காயில் சூடாயிருச்சு, கொஞ்சம் விடு"ன்னு சொல்ற ரிலே.

ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? பீஸ் அடிக்கடி போகுதுன்னு அலுமினியக் கம்பியை முறுக்கி வெப்பாங்க. ரிலே விழுதுன்னு அளவைக் கூட்டித் திருப்பி வெப்பாங்க. ராத்திரி முறைக் கரண்ட்ல, கொட்டுற பனியில, பாம்பு பயத்துல நடந்து போயி பீஸ் கட்டிட்டு வந்தவனுக்கு மறுபடி அது போனா வர்ற ஆத்திரம் எனக்கும் தெரியும். இருந்தாலும், பீஸ் போறது நோய் இல்லை, நோய்க்கு அறிகுறி. தடிக் கம்பியைக் கட்டினா பீஸ் பிழைச்சுக்கும். அதுக்குப் பதிலா மோட்டார் சாகும், இல்லைன்னா கூரை எரியும். வைக்கப்போர் பக்கத்துல ஸ்டார்ட்டர் வெச்சிருக்குற தோட்டங்களை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்கும்.

இன்னொரு இடம் இருக்கு, யாரும் கவனிக்காத இடம்: கம்பி சேர்ற முடிச்சு. லூசா முறுக்கின இடத்துல தொடுற பரப்பு கம்மி, தடை அதிகம். முழுக் கம்பியும் குளுகுளுன்னு இருக்கும், அந்த ஒரு முடிச்சு மட்டும் காயும். காய்ஞ்சா அலுமினியத்துல பூப்பூத்த மாதிரி வெளுப்புப் படியும், தடை இன்னும் கூடும், இன்னும் காயும். கடைசியில பொறி பறக்கும். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட்டர், பீஸ் கட்டை இணைப்பெல்லாம் இறுக்கினாலே பாதி மோட்டாரைக் காப்பாத்திரலாம்.

நகரத்து நண்பர்களே, இது தோட்டத்துச் சமாச்சாரம்னு விட்டுறாதீங்க. உங்க வீட்டு அயர்ன் பாக்ஸுக்குள்ள காயுறது நிக்கல்-குரோமியம் கலந்த நிக்ரோம் கம்பி. 1906-ல் அமெரிக்காவுல மார்ஷ் என்பவர் காப்புரிமை வாங்கினது. சிவக்கச் சிவக்கக் காய்ஞ்சாலும் துருப்பிடிச்சு அழியாது. சூடு அங்க வரணும். பிளக்குல வரக்கூடாது. கீசரோ அயர்ன் பாக்ஸோ அரைமணி ஓடின பிறகு ஆஃப் பண்ணிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. சுட்டுதுன்னாலோ, பிளக் ஓட்டை ஓரம் பழுப்பேறி இருந்தாலோ, உள்ள பிடிமானம் லூசு. ஒரே எக்ஸ்டென்ஷன்ல மூணு பெரிய சாமான் மாட்டினா மூணு மடங்கு கரண்ட், ஒன்பது மடங்கு சூடு. ஜூல் சொன்ன கணக்கு அபார்ட்மென்டுக்கும் தோட்டத்துக்கும் ஒண்ணுதான்.

அடுத்த தடவை பஸ்ஸுல ஊருக்கு வர்றப்ப, வயக்காட்டுக்கு நடுவுல கோபுரம் கோபுரமாப் போற பெரிய லைனைப் பார்ப்பீங்க. அதுக்கு அடியில, தள்ளித் தள்ளி, ஒல்லிக் கம்பத்துல மூணு நாலு கம்பி தொங்கிக்கிட்டு ஒரு லைன் போகும். அந்த ஒல்லி லைன் எந்தத் தோட்டத்தோட முடியுதுன்னு பாருங்க. அங்க இருக்குற விவசாயிகிட்ட போய், போன வருஷம் எத்தனை தடவை காயில் கட்டுனீங்கன்னு கேளுங்க. உக்கார வெச்சு இளநி வெட்டிக் கொடுத்துப் பதில் சொல்வார்.